புது லைட்டும் பழைய செருப்பும்

"'புது லைட்டு மாட்டியும் பின்னால ஒரு இழவும் தெரியலை. இன்னொரு தரம் இடிச்சா கழட்டி எறிஞ்சிடுவேன்.' டிரைவர் சொன்னதை அப்படியே சொல்றேன், நான் ஒண்ணும் கூட்டலை" என்றது லாரியின் பின்பக்க பம்பர். சற்று முன் ரிவர்ஸில் வந்து அரிசி மில் சுவரில் மோதியதில் அதற்கு நடு முதுகு நசுங்கியிருந்தது.

"நான் எரியத்தான் செய்யறேன்" என்றது ரிவர்ஸ் லைட். "என் மூஞ்சிக்கு நேரா இந்தச் செருப்பைத் தொங்கவிட்டா நான் என்ன செய்ய?"

அழுது வடிந்த பழைய பல்பை எடுத்துவிட்டு இந்த லைட்டை மாட்டிய அன்று, ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் "பகல் மாதிரி இருக்கே" என்று வாயைப் பிளந்தார்கள். கண் பட்டுவிடுமே என்று ஓனர் மறுநாளே லைட்டுக்கு முன்னால் ஒரு பிய்ந்த செருப்பைக் கட்டிவிட்டார்.

"நான் காவல் இருக்கறதாலதான் நீ இன்னும் உடையாம இருக்கே. நன்றி கெட்ட ஜென்மம்" என்றது செருப்பு.

காலையில் ஓனர் வந்தார். பம்பரைத் தடவிப் பார்த்தார்.

"எவன் கண்ணோ, ஒரு செருப்புக்கு அடங்கலை" என்று அதன் ஜோடியையும் தேடி எடுத்து வந்து பக்கத்திலேயே இறுக்கிக் கட்டினார்.

"வா, வா. உனக்காகத்தான் இத்தனை நாளாக் காத்திருந்தேன்" என்று முதல் செருப்பு இடம் கொடுத்தது. லைட்டின் முகம் முழுக்க மறைந்துபோனது.

அன்று இருட்டியதும் டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டார். பின்னால் அதே சுவர்.

"ஓனர் ஐயா, செருப்பை ஒரே ஒரு சாண் தள்ளிக் கட்டுங்களேன்" என்றது லைட்.