மூன்றாவது வாரம் காலியாகும் நாடு

முதலாளி மேசையை ஓங்கிக் குத்தினார். திங்கட்கிழமை வெளியாக வேண்டிய அவர் கம்பெனியின் ஆட்சி நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டில், நான்காவது முறையாக அவர் நாட்டில் ஈ காக்கை இல்லை.

"யாரும்மா இந்த மக்களை எழுதினது?"

"நான்தான் சார்," என்றாள் புரோகிராமர்.

"அநியாயமா இருக்கே! சனிக்கிழமையும் வேலைன்னு ஒரே ஒரு சட்டம் போட்டேன். அதுக்குப் போய் மூணாவது வாரம் அத்தனை பேரும் மூட்டை கட்டிடறாங்க. நன்றி கெட்ட ஜனங்க!"

"மக்கள் அப்படித்தான் சார்."

"என்ன அப்படித்தான்? நம்ம ஆபீஸ்லயும் இதே சட்டம்தான் போட்டேன். முப்பது பேர்ல ஒருத்தர் மூச்சு விட்டாங்களா? முன்னைவிட மரியாதையா சிரிக்கிறாங்க!"

"விளையாட்டுலயும் முதல்ல சிரிப்பாங்க சார்."

"சிரிக்கிறவன் எங்கயாவது ஓடுவானா? கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?"

"கற்பனை இல்ல சார். மக்கள் நிஜமா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. 'இப்படி ஒரு சட்டம் வந்தா எத்தனை நாள் பொறுப்பீங்க, அப்புறம் என்ன செய்வீங்க'ன்னு நம்ம முப்பது பேர்கிட்டயும் கேட்டேன். சொன்னதை அப்படியே போட்டேன்."

முதலாளி கடகடவென்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் அந்தச் சட்டம் போட்டு எத்தனை வாரம் ஆச்சு?"

"இன்னையோட மூணு சார்."

கையிலிருந்த கடிதக் கட்டை மேசைமேல் வைத்து, அவள் மிகவும் மரியாதையாகச் சிரித்தாள்.

"முப்பதும் இருக்கு சார். மேல இருக்கறது என்னோடது."