அக்காவின் பக்கம்

அக்கா எழுதிய இணையப் பக்கத்தை அழிக்கும் வேலை தங்கைக்கே வந்து சேர்ந்தது. இருவரும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கணினி நிரல் எழுதியவர்கள். அக்கா இறந்துபோய் ஒரு மாதம் ஆகிறது.

"முடியலன்னா சொல்லும்மா, நான் பண்ணிடறேன்," என்றார் குழுத் தலைவர்.

"வேணாம் சார். அவ எழுதினத நீங்க தொட்டா சண்டைக்கு வந்துடுவா."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நகர்ந்துபோனார்.

தங்கை பக்கத்தை அழித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தகவல்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும். ஒரு மென்பொருள் கருவி அவற்றைப் படித்து, எந்த வகையான பதில் வர வேண்டும் என்று சமர்த்தாகத் தானே ஒரு கோப்பு எழுதிவைக்கும். கேள்வி இல்லையென்றால் கோப்பும் இல்லை.

கருவியை ஓட்டினாள். அக்காவின் பக்கத்துடைய பெயரிலேயே கோப்பு வந்தது. உள்ளே ஒரே வரி: 'சாப்பிட்டாளா: ஆம் அல்லது இல்லை. காலியாக விடக் கூடாது.'

அதையும் அழித்துவிட்டு ஓட்டினாள். மறுபடி வந்தது. எல்லாப் பக்கங்களிலும் தேடினாள். அப்படியொரு கேள்வி எங்குமே இல்லை.

மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவள் உடைந்துவிடுவாளோ என்று பயந்து, இந்த ஒரு மாதமாக யாரும் இவளிடம் எதுவும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு, சோதனைக்காக வைக்கும் மாதிரிப் பதிலில் 'இல்லை' என்று எழுதி ஓட்டினாள்.

கோப்பில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: 'ஏன்: எதை வேண்டுமானாலும் எழுதலாம். காலியாக விடக் கூடாது.'