பேசுற டப்பா

"இதைக் குப்பைல போட்டாக்கூட யாரும் பொறுக்கிட்டுப் போக மாட்டாங்க மாமா" என்றான் மாப்பிள்ளை, அந்தப் பழைய மியூசிக் ப்ளேயரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி.

சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். முதுகெல்லாம் கீறல். மாமனார் அதைப் பதினாறு வருஷமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். உள்ளே மூவாயிரம் பாட்டு, அதில் ஒன்றுகூட மாப்பிள்ளைக்குப் பிடிக்காது.

வாசலில் வாடகை வேன் நின்றது. மனைவி, மாமியார், கொழுந்தியாள் குடும்பம், பெட்டிகள் என்று எல்லாம் ஏறியாகிவிட்டது. மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் போக வேண்டும். கண்ட டிரைவரை நம்ப முடியாது என்று மாமனாரே ஓட்டுகிறார். முப்பத்தோரு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர், இன்னும் இரண்டு வருஷத்தில் ரிடையர் ஆகப்போகிறவர், அவரிடம் யார் பேசி ஜெயிப்பது.

கிளம்புகிற நேரத்தில்தான் இந்த அப்டேட் கூத்து. கம்பெனி போட்ட சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, யாரோ வேலை வெட்டி இல்லாதவர்கள் எழுதி இலவசமாக விடுகிற ஃபர்ம்வேர் ஒன்றை அதில் எப்போதோ ஏற்றி வைத்திருந்தார்கள். இப்போது அதற்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"மெனு பேசுமாம் மாப்பிள்ளை. எந்தப் பாட்டுல நிக்கிறோம்னு அதுவே பேரைச் சொல்லிடுமாம்."

"ஏன், பாத்தா தெரியாதா?"

"ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, இதைப் பாத்துக்கிட்டு இருப்பேனா?"

மாப்பிள்ளை ஏளனமாகச் சிரித்து வைத்தான். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து, ஒயரைச் செருகினான்.

மாமனார் நாலாக மடித்த காகிதத்தை நீட்டினார். "எங்க கண்டக்டர் எழுதிக் கொடுத்தாரு. எனக்குப் படிச்சும் காட்டினாரு. பாக்க ஒரே மாதிரி ரெண்டு மாடல் இருக்காம், உள்ள வேற வேறயாம். நம்மளது முதல் மாடல். ஃபைலை மாத்திப் போட்டா ப்ளேயர் எந்திரிக்கவே எந்திரிக்காதாம்."

டிக்கெட் கிழிக்கிறவர் வந்து தனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பதா? மாப்பிள்ளை காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தான். இந்தக் குடும்பத்தில் அவனுக்குப் பேரே 'கம்ப்யூட்டர்'. ஆபீஸில் அவன் செய்வது பிரிண்டருக்கு மை மாற்றுகிற வேலை என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

"நீங்க பேசாம உக்காருங்க மாமா. இதெல்லாம் எனக்குக் கண்ண மூடிட்டுச் செய்யுற வேலை."

ஃபர்ம்வேர் இரண்டே நிமிஷத்தில் ஏறியது. அடுத்தது பூட்லோடர், அதாவது பட்டனை அழுத்தியதும் ப்ளேயரை எழுப்பிவிடுகிற குட்டி புரோகிராம். லிஸ்டில் கிட்டத்தட்ட ஒரே பேரில் இரண்டு ஃபைல் இருந்தன. இரண்டாவது கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெரிசுதான் புதுசாக இருக்கும் என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லி அதையே தட்டினான்.

நூறு சதவீதம் முடிந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. பத்து நொடி அழுத்திப் பிடித்தான், திரும்ப ஒயரைச் செருகிப் பார்த்தான். ப்ளேயர் அசையவே இல்லை. ஸ்க்ரீன் கன்னங்கரேல் என்று கிடந்தது.

டம்ளரை நகர்த்திக் காகிதத்தைப் பிரித்தான். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது: 'பெரிய ஃபைல் இரண்டாவது மாடலுக்கு. அதைத் தொட வேண்டாம்.'

வாசலில் ஹாரன் அடித்தார்கள். மாமனாரோ மனசில் இருப்பதை மறைத்துப் பேசத் தெரியாத மனுஷர். கல்யாணத்தன்றே 'பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம்' என்று மைக்கில் சொன்னவர். ப்ளேயரைக் கொன்றது தெரிந்தால் ஐந்து மணி நேரமும் வண்டிக்குள் அதே பேச்சாக இருக்கும், எதிரில் கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். 'கம்ப்யூட்டர்' பட்டம் அடிவாரத்திலேயே பறந்துவிடும்.

ஒரு வழிதான் தோன்றியது. மெனு இப்போதுதான் வந்தது என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். 'மெனு எங்க மாப்பிள்ளை, இருட்டால்ல கிடக்கு' என்று அவர் கேட்டதும், 'அட, அதுக்குள்ள அணைஞ்சிடுச்சா, பேட்டரி போயிடுச்சு மாமா' என்று பழியைப் பதினாறு வருஷத்துப் பேட்டரி தலையில் கட்டிவிட வேண்டும். அதற்கேற்ற மாதிரி முகத்தையும் தயார் செய்துகொண்டான்.

"இந்தாங்க மாமா. பழைய டப்பாதானே, கொஞ்சம் அடம் பிடிச்சுது, நான் விடல. பாருங்க, மெனு எப்படி வந்திருக்குன்னு. குரல் மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சு வரும்."

மாமனார் வாங்கினார். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அப்புறம் அந்தக் கறுத்த ஸ்க்ரீனை மூக்குவரை கொண்டுவந்து, ஜன்னல் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மாப்பிள்ளை 'அட' சொல்ல வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

மாமனார் திருப்தியாகத் தலையாட்டி ப்ளேயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேன் சாவியை எடுத்தார்.

"எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது மாப்பிள்ளை. வந்து ஏறுங்க, வண்டிய எடுக்கறேன்."