ஐந்து எண்ணும் வரை

வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நான்காவது முறையாக எட்டிப் பார்த்தேன்.

இருந்தது. யாரோ அதில் கை கழுவியிருந்தார்கள். ஆனால் இருந்தது.

"அண்ணி, அவ்ளோ பெரிய ஏரி இருக்கு. அது பத்தாதா?" என்றான் பிஸ்கட் வெட்டுகிறவன். பேக்கரி ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஏரி இருநூறு அடி தள்ளி இருக்கிறது. நாம் மொண்டு வரும் வரைக்கும் நெருப்பு காத்துக்கொண்டிருக்குமா?

எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். காய்ந்த சருகையெல்லாம் பெருக்கித் தள்ளியது நான். சுற்றிலும் கல் அடுக்கியது நான். ஏரிக்குள் கிடந்த ஈரக் கல்லைத் தூக்கி வந்தவனிடம், சூடேறினால் வெடிக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான். ஆறடி தள்ளி மண்ணில் ஒரு கோடு கிழித்து, இதைத் தாண்டி ஒருத்தரும் வரக் கூடாது என்றேன். முதலாளிகூடக் கோட்டுக்கு வெளியேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோட்டுக்கு உள்ளே ஒரே ஒரு ஆள். என் வீட்டுக்காரர்.

இருபத்திரண்டு வருடமாகப் பேக்கரியின் விறகு அடுப்பு இவர் கையில் இருக்கிறது. கையில் என்றால் நிஜமாகவே கையில். அடுப்பின் வாய்க்குள் வலக்கையை நீட்டி, வாய்விட்டு எண்ணுவார். ஐந்தில் சூடு பொறுக்காமல் கையை இழுத்தால் ரொட்டிக்குச் சரியான பதம். மூன்றிலேயே இழுத்தால் தணலைக் குறைக்க வேண்டும். ஏழு வரை தாங்கினால் இன்னும் விறகு போட வேண்டும். அடுப்பில் சூடு காட்டும் முள் உடைந்து பல வருடமாகிறது. இவன் கை இருக்கும்போது முள் எதற்கு என்று முதலாளி அதை மாற்றவே இல்லை.

போன மாதம் மூன்று தடவை ரொட்டி மொத்தமும் கரியாகிவிட்டது.

விறகு சரியில்லை என்றார் இவர். பிறகு மாவு சரியில்லை என்றார். முதலாளி புதிதாக யாரோ ஒரு ஆளை வரச் சொல்லிப் பேசினார் என்று காதில் விழுந்தது. வருடத்துக்கு ஒரு நாள் ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு போகிற வழக்கத்தில் இன்று ஏரிக்கரைக்கு வந்தோம். வந்த இடத்தில் முதலாளியே ஆரம்பித்தார்.

"இங்கயே நெருப்பு மூட்டி ஒரு ரொட்டி சுட்டுக் காட்டு. திங்கக்கிழமை அடுப்பு யாருகிட்டங்கறத அப்புறம் பேசிக்கலாம்."

விளையாட்டுப் போலத்தான் சொன்னார். அடுப்பை விட்டால் இவருக்கு வேறு என்ன தெரியும்? பொட்டலம் கட்ட உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் ஆள் உடைந்துபோவார்.

விறகு எரிந்து அடங்கித் தணலானது. கோட்டுக்கு இந்தப் பக்கம், இரும்புச் சட்டிக்குள் மாவு உப்பிக்கொண்டிருந்தது. இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தணலுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டினார். பேக்கரியில் செய்கிற மாதிரியே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஒண்ணு... ரெண்டு..."

காற்று என் பக்கம் திரும்பியது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே முகம் எரிந்தது.

"அஞ்சு... ஆறு..."

கையை எடுக்கவில்லை.

எட்டு. ஒன்பது. அண்ணன் கை இரும்பு என்று பிஸ்கட் வெட்டுகிறவன் விசிலடித்தான். முதலாளி சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார்.

"சூடு பத்தல," என்றார் இவர். இடக்கையால் ஒரு கட்டையை எடுத்துத் தணலில் போட்டார். வலக்கை நீட்டிய இடத்திலேயே இருந்தது.

நான் கோட்டைத் தாண்டினேன். எந்தத் தைரியத்தில் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை ஒட்டி என் கையை நீட்டினேன்.

ஒன்று என்று நினைப்பதற்குள் இழுத்துக்கொண்டேன்.

முடி பொசுங்கும் வாடை வந்தது. என் முடி இல்லை.

"ஐயோ, என் துணியில பொறி விழுந்துருச்சு!"

எந்தப் பொறியும் விழவில்லை. நான் போட்ட சத்தத்தில் அவர் பதறி எழுந்துவிட்டார். அதே வேகத்தில் மணிக்கட்டைப் பிடித்து அவரை வாளிப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் ஒரே சிரிப்பு. ஒரு பொறிக்கே இந்தக் கூத்தா, வாளிக்கும் ஒரு வழியாக வேலை வந்துவிட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பேசட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் யாரும் இவரைப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். உள்ளங்கை முழுக்கச் சிவந்திருந்தது. இரண்டு விரலில் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பழைய கொப்புளங்கள் காய்ந்து தோல் உரிந்து கிடந்தன. அடுப்பு வேலையில் அதெல்லாம் சகஜம் என்று சொல்லியிருந்தார். நானும் மண்டையை ஆட்டியிருந்தேன்.

ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து ஸ் என்று சத்தம் வரவில்லை.

"என்னப்பா, சட்டிய ஏத்தலாமா?" என்று முதலாளி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இவர் திரும்பவில்லை. தண்ணீருக்குள் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"தண்ணி ஜில்லுனு இருக்கா?"