பூச்சாடிக்கு அந்தப் பக்கம்

வசந்தகால விடுமுறை விருந்துக்கு அவள் மேசையை அலங்கரித்திருந்த அழகை யாரும் குறை சொல்ல முடியாது. நடுவில் உயரமான கண்ணாடிச் சாடியை வைத்து, லில்லியும் பச்சைக் கிளையுமாக ஒரு வேலியே கட்டிவிட்டாள். எதிரே உட்காரப்போகும் நாத்தனார் முகத்தில் விழிக்காமல் சாப்பிட்டு எழ வேண்டும், அவ்வளவுதான்.

புருஷன் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தபோது வாசல் கதவு திறந்தது. எதிர் நாற்காலி இழுபட்டது. நாப்கின் மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "வாங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. சூப்பை ஊற்றி, சாடியைச் சுற்றி அந்தப் பக்கம் தள்ளினாள்.

"உப்பே இல்லையே அண்ணி" என்றது குரல்.

"வேணும்னா போட்டுக்கிறது."

"எங்க அண்ணன் ஏன் இப்படி இளைச்சுப் போனான்னு இப்பத்தான் புரியுது."

"புரிஞ்சா சரி. குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

ஸ்பூன் கிண்ணத்தைச் சுரண்டியது. காலிக் கிண்ணம் சாடியைச் சுற்றித் திரும்பி வந்தது.

அப்போது புருஷன் உள்ளே வந்தான். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நாத்தனார்.

"பஸ் லேட்டு அண்ணி. இப்பத்தான் இறங்கினேன். அண்ணன் தெருமுனையில பாத்துக் கூட்டிட்டு வந்தான்" என்றபடி செருப்பைக் கழற்றினாள்.

மூன்று வருடங்களில் முதல்முறையாக அவள் நாத்தனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பூக்களுக்கு நடுவே இரண்டு விரல்கள் நுழைந்து கிளையை ஒதுக்கின.

"யாரு அண்ணி அது?" என்றது அதே குரல். "எங்க அண்ணன் யாரைக் கூட்டிட்டு வந்திருக்கான்?"