திங்கட்கிழமை மீன்

"அந்த விஜிலாகிட்ட மீன் வாங்காதிய. மருந்து அடிச்சு விக்கா."

திங்கட்கிழமை காலை, தெரு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. பேசியது மூன்றாவது வீட்டு ஸ்டெபி.

கிளாட்வினுக்குக் காப்பி கசந்தது. துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸ் மேலாளர். ஐம்பதைத் தாண்டியவர். போனில் வந்த செய்தி ஒன்றையாவது எடுத்து, 'இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்' என்று புரட்டிப் பார்க்காமல் ஒருநாளும் குளிக்கப் போகமாட்டார். மற்றவர்களுக்கு ஜெபமாலை எப்படியோ, அவருக்கு அது அப்படி.

'ஆதாரம் இல்லாமல் யாரும் நம்ப வேண்டாம். விசாரித்துச் சொல்கிறேன்' என்று குழுவில் எழுதிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

தெருமுனையில் விஜிலா உட்கார்ந்திருந்தாள். கூடை நிறைய விளமீன். எதிரே ஒரு ஆள் இல்லை.

"ஒரு வாரமா இதே கதைதான் அண்ணாச்சி. இன்னைக்கும் விக்கலன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன். உப்பளத்துக்குத்தான் போணும்."

"பொறு. இந்தப் பேச்சு எங்கன புறப்பட்டதுன்னு பாத்துட்டு வாரேன்."

ஸ்டெபி வாசலில் நின்றாள்.

"மருந்து அடிச்சத நீ பாத்தியா?"

"பாக்கல அண்ணாச்சி. எஸ்றா அண்ணன் சொன்னாவ."

எஸ்றா மளிகைக்கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு யாருவே சொன்னா?"

"விடுங்க அண்ணாச்சி."

"எப்படிவே விட? ஒருத்தி பொழப்பு போகுது."

"சொன்னா வருத்தப்படுவிய."

"பரவாயில்ல, சொல்லும்."

"உங்க வீட்டம்மாதான்."

தெருவில் திரும்பி நடக்கவே கூசியது. வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்தார்.

"ஏளா கிளாடிஸ், எத்தனை வருஷமா தலைதலையா அடிச்சுக்கிடுதேன்? எதையும் விசாரிக்காம பேசாதன்னு! ஊருக்குப் புத்தி சொல்லுதவன் வீட்டுலயே இப்படியா?"

கிளாடிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், திரும்பி அடுப்பை அணைத்தாள்.

"தப்புதான். வாங்க, அவகிட்டயே போய்ச் சொல்லிருவோம்."

தெருமுனையில் அதற்குள் எஸ்றா, ஸ்டெபி என்று நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் கிளாடிஸ் சொன்னாள்.

"நான்தான் விஜிலா. ஞாயித்துக்கிழமை ஒரு வள்ளமும் கடலுக்குப் போறதில்ல. அப்ப திங்கக்கிழமை காலையில புது மீன் எப்படி வரும்? பழைய மீனத்தான் மருந்து போட்டு விக்கான்னு... சொல்லிட்டேன்."

விஜிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, இத என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? ஞாயித்துக்கிழமை ஓய்வு நம்ம சனத்துக்குத்தான். திங்கக்கிழமை மீன் கீழக்கரைப் பக்கமிருந்து வண்டியில வருது. அங்கன பாய்மாருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவாவ. இந்தா, செவுளத் தூக்கிப் பாருங்க. செக்கச்செவேல்னு இருக்கா இல்லியா?"

கிளாட்வின் செவுளைப் பார்க்கவில்லை. 'திங்கக்கிழமை காலையில புது மீன் எப்படி வரும்?' அந்த வார்த்தைகள் அவர் காதை விட்டுப் போகவில்லை.

போன திங்கட்கிழமை, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டி நீட்டி அதைச் சொன்னவர் அவர்தான். மருந்து என்று சொன்னதும் அவர்தான். 'பாத்தியா, இப்படித்தான் யோசிக்கப் பழகணும்' என்று கிளாடிஸுக்குப் பாடம் வேறு.

"அண்ணாச்சி மட்டும் விசாரிக்கலன்னா உண்மை வெளிய வந்திருக்குமா?" என்றார் எஸ்றா. "யக்கா, கூடவே இருந்தும் அவுககிட்ட ஒண்ணும் படிக்கலியே நீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளாடிஸும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கிளாட்வின் வாயைத் திறந்தார். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுக்கூட வேண்டாம். வரவில்லை.

"எனக்கு ஒரு கிலோ போடு" என்று மட்டும் சொன்னார்.

அவர் வாங்கியதைப் பார்த்து ஸ்டெபி பை எடுக்க ஓடினாள். பின்னாலேயே மற்றவர்களும்.

வீட்டு வாசலில்தான் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அது நான் சொன்னதுல்லா?"

"ஆமா."

"அத்தனை பேச்சு பேசினேனே, அப்பவே என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். பொறவு பாத்தேன், நீங்க வாங்கினாத்தான் தெருவே நம்பி வாங்கும். கிளப்பிவிட்டதே நீங்கதான்னு தெரிஞ்சா, அவ கூடை எப்படிங்க காலியாகும்?"