ஊசி நுழையாத வரிசை

ஊசி உள்ளே நுழையவில்லை.

என் மருமகள் ஸ்வெத்லா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, பின்றியா, கோழி அறுக்கிறியா?" என்றேன்.

இன்னொரு குத்து குத்தினாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவளுக்கு.

அடுப்பில் கறி பொதிந்த முட்டைக்கோஸ் உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன. என் மகன் ரூமென் வருகிறான். கப்பலில் இன்ஜினியர். சோஃபியாவில் விமானம் இறங்கி, எங்கள் ஊர் வார்னாவுக்குப் பஸ் ஏறிவிட்டதாகக் காலையிலேயே ஃபோன் செய்திருந்தான்.

போன கோடையில் அவன் கப்பலேறிய மறுவாரம் இவள் இந்தப் போர்வையைத் தொடங்கினாள். புதிதாகக் கற்பவர்களுக்கு என்று எவளோ ஃபோனில் சொல்லிக்கொடுத்த பின்னல். போடுவது நுனி வளைந்த ஒற்றைக் குரோஷா ஊசியால். ஆனால் பார்ப்பவர்கள் இரட்டை ஊசியில் பின்னியது என்று நம்ப வேண்டும்.

நான் ஆயுள் முழுக்க இரட்டை ஊசிக்காரி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னத் தெரியாதவள் பின்னத் தெரிந்த மாதிரி ஊரை ஏமாற்ற ஒரு பின்னல்.

அதிலும் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முந்தின வரிசைக் கண்ணியின் தலையில் குத்தாமல் நடுவயிற்றில் குத்தி எடுக்க வேண்டும். கையைத் தளர்வாக வைத்திருந்தால் குழந்தைகூடப் போட்டுவிடும். இறுக்கிப் பிடித்தால் அடுத்த வரிசையில் ஊசி நுழைய இடம் இருக்காது.

அதுகூட இவளுக்கு வரவில்லை.

"கொடு இங்கே" என்று பிடுங்கினேன். "உன் புருஷன் வரட்டும். கூடத்திலேயே விரிச்சு வைக்கிறேன். என்ன லட்சணத்துல பொண்டாட்டி வாய்ச்சிருக்கான்னு அவனும் பார்க்கட்டும்."

"வேண்டாம் அத்தை. அவர்கிட்ட மட்டும் காட்டாதீங்க."

அவள் கெஞ்சியது எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்.

கூடத்துத் தரையில் விரித்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கீழே அகலம், நடுவில் இடுப்பைப் பிடித்தது போல ஒடுக்கம், அப்புறம் மறுபடி அகலம், மேலே கடைசியில் திரும்பவும் ஒடுக்கம்.

புதிதாகப் பின்னுகிறவர்கள் வரிசையின் ஓரக் கண்ணியை விட்டுவிடுவார்கள். போர்வை தானாகச் சிறுத்துக்கொண்டே போகும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று மண்டிபோட்டுக் கண்ணிகளை எண்ணினேன்.

ஒன்றைக்கூட விடவில்லை. அகல வரிசையிலும் ஒடுங்கிய வரிசையிலும் ஒரே கணக்கு.

அப்படியானால் நூல்தான் மட்டம். ஒடுக்கம் தொடங்குவது நீல நூலில். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ரூமென் வாங்கி வந்தது. ஆனால் அதே நீலம் கொஞ்ச தூரத்தில் தளர்ந்து விரிந்திருந்தது.

அந்த விரிவு தொடங்கும் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு முறுக்கு நூல். மார்ச் முதல் தேதி எங்கள் பக்கத்தில் எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. மரம் பூத்ததும் கழற்றி அதில் கட்ட வேண்டியதை, கையில் கட்டிய அன்றே இவள் அவிழ்த்துப் போர்வையில் முடிந்து வைத்திருந்தாள். அதற்கும் நான் திட்டியது நினைவிருக்கிறது.

அன்றைக்குத்தான் ரூமென் மறுபடி கப்பலுக்குக் கிளம்பினான்.

நான் மேலே பார்த்தேன். கடைசி வரிசைகள், அவன் வருகிறான் என்று சேதி வந்த பிறகு பின்னியவை, பலகை போல இருந்தன. ஊசி என்ன, குண்டூசிகூட நுழையாது.

நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது. கோடை முழுக்கத் திட்டினேன். இலை உதிர்ந்து முடியும் வரை திட்டினேன். அந்த வரிசைகள் எல்லாம் தொளதொளவென்று கிடந்தன. என் நாக்கு அவள் கையை ஒரு கண்ணிகூட இறுக்கவில்லை.

முதலில் எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது.

பிறகு, அவன் வீட்டில் இருந்தபோது பின்னிய அந்த ஒடுங்கிய நீலத்தை விரலால் தடவினேன்.

குளிர்காலம் பூராவும் நான் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். ரூமென் குரலை உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் அப்பாவும் குரலை உயர்த்தாத மனுஷன். தங்கமானவர் என்று தெருவே சொல்லும். அவர் இருந்தவரை நான் பின்னிய ஸ்வெட்டருக்குள் பிள்ளையின் தலை நுழையாது. அவர் இறந்த வருஷம் என் கை தளர்ந்தது. வயசாகிவிட்டது என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

"அவனாடி?" என்றேன்.

ஸ்வெத்லா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண் போர்வையில் இல்லை. வாசல் கதவில் இருந்தது.

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. பெட்டியின் சக்கரம் உருண்டது. மணி அடித்தது.

போர்வையைச் சுருட்டி அவள் மேல் எறிந்தேன். "மரம் மாதிரி நிக்காதே. என் ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கோ. போடி!"

அவள் தாழ் போடும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன். பிறகு போய் வாசல் கதவின் சங்கிலியை மாட்டினேன்.

"யாரது?"

"நான்தாம்மா, ரூமென்." அதே மெல்லிய, அன்பான குரல்.

"எந்த ரூமென்?" என்றேன்.